முகத்தை மட்டும் மறைப்பார்களாம்

அன்று பிரின்சிபால் அறையில் இருந்தவர்கள் இவர்கள். மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் பள்ளியின் கரஸ்பாண்டென்ட் கணேசமூர்த்தி. உண்மையில் அது பிரின்சிபால் சீதாவின் நாற்காலி. அவர் வந்தால் சீதா எழுந்து இடம் கொடுத்துவிட்டு மேசையின் வலது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். சுவரோரச் சோபாவில் பெற்றோர் சங்கத் தலைவர் நெடுஞ்செழியன். அவருக்குப் பக்கத்தில், மடியில் லேப்டாப்போடு, வேப் என்கிற மின்சிகரெட் புகையைக் கண்டுபிடிக்கும் பாத்ரூம் சென்சாரைப் பள்ளிக்கு விற்ற கம்பெனியின் ஆள் ஜவஹர். கதவோரம், உட்காரச் சொல்லியும் உட்காராமல், ஆயா லூர்துமேரி. மேசைக்கு எதிரே ஒற்றை நாற்காலியில் ஃப்ளோரன்ஸ். அவளுக்குப் பின்னால், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் லிண்டா.

லிண்டாவுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. பிள்ளையின் விரல்கள் நாற்காலிச் சட்டத்தில் அழுந்தி அழுந்தி எடுப்பது ஃப்ளோரன்ஸின் தோள்பட்டையில் தெரிந்தது.

"சுத்தி வளைக்க வேணாம்மா," என்றார் கணேசமூர்த்தி. "ரெண்டாவது மாடி லேடீஸ் டாய்லெட்ல சென்சார் அஞ்சு தடவ அடிச்சிருக்கு. அஞ்சு தடவையும் அங்கேர்ந்து வெளிய வந்தது உங்க பொண்ணு. காரிடார் கேமராவுல இருக்கு."

"மிஷின் தப்பாக் காட்டாதா சார்?"

ஜவஹர் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னான். "பெர்ஃப்யூம் அடிச்சா மஞ்சள் அலர்ட் மேடம். வேப்னா சிவப்பு. அஞ்சுமே சிவப்பு."

"மிஷினுக்கு உங்க பொண்ணு மேல இன்னாங்க கோவம்?" நெடுஞ்செழியன் சிரித்தார். "எங்க காலத்துல பாத்ரூம் போனா பீடி நாத்தம். இப்ப ஸ்ட்ராபெரி வாசன. அதான் வித்தியாசம்."

யாரும் உடன் சிரிக்கவில்லை. சீதா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "லூர்துமேரி, நேத்து நடந்தத நீயே சொல்லு," என்றார்.

"நான் தட்டிக்கினே இருந்தேன் மேடம். யாருமா உள்ளன்றேன், சத்தமே இல்ல. சரி, உங்களக் கூப்டுக்கினு வரலாம்னு கீழ வந்தேன். அதுக்குள்ள பொண்ணு கெளாஸ்க்குப் போய்ருச்சு." லூர்துமேரி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "அந்த மிஷினு வந்ததுலேந்து எம் போனும் சேந்து கத்திக்கினே கீது சார். மாடி ஏறி ஏறி முட்டி போச்சு. அதுக்கு இன்னா சொல்றீங்க?"

"அத அப்புறம் பாக்கலாம்," என்றார் கணேசமூர்த்தி.

பையைச் சோதித்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை சீதாவே ஒப்புக்கொண்டார். நாப்கின் வைக்கும் சிறு பையை மட்டும் மரியாதை கருதித் திறக்கவில்லை என்றும் சொன்னார். ஃப்ளோரன்ஸுக்குத் தெரியும். அந்தச் சிறு பைக்குள்தான் அது இருந்தது. வேப் அல்ல, கட்டைவிரல் உயரத்தில் ஒரு ஸ்ப்ரே டப்பா. விக்கின் விளிம்பைத் தோலில் ஒட்டவைக்கிற ஸ்ப்ரே.

லிண்டாவின் தலையில் முடி இல்லை. இதை அறிந்தவர்கள் அவளைத் தவிர நான்கு பேர்: அம்மா, அப்பா அகஸ்டின், அடையாறில் ஒரு தோல் டாக்டர், தி. நகரில் ஒரு விக் கடைக்காரர். போன வருஷத் தொடக்கத்தில் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் அகலத்துக்கு வழுக்கை விழுந்தது. புழுவெட்டு, வந்த மாதிரியே போய்விடும் என்றார் டாக்டர். அது போகவில்லை, பக்கத்தில் இன்னொன்று விழுந்தது, பிறகு உச்சியில். சீப்பில் கொத்துக் கொத்தாக வந்த நாளில் ஃப்ளோரன்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தாள். கோடை விடுமுறையில் மூவரும் வேளாங்கண்ணிக்குப் போய், மாதாவுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லி, மீதியிருந்ததை வழித்துவிட்டு வந்தார்கள். சாந்தோம் தேவாலயப் பங்கில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இந்த வயசில் எந்தப் பெண்ணுக்கு மனசு வரும் என்று மெச்சினார்கள். எதிர்வீட்டு ரோஸியின் சின்ன மகளும் அதே மாதம் மொட்டை போட்டிருந்தாள். அவளுக்கு முடி வளர வளர, அதே அளவில் லிண்டாவுக்கு விக் மாற்றினார்கள். முதலில் கிராப்பு, கிறிஸ்துமஸுக்குக் காது மறைய, இந்த வருஷம் பள்ளி திறக்கும்போது கழுத்துவரை. "ரெண்டு பேருக்கும் மாதா ஒரே மாதிரி குடுத்திருக்காங்க பாருங்க," என்று ரோஸி சொல்லும்போதெல்லாம் ஃப்ளோரன்ஸ் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பாள்.

மதியம் ஆனால் வேர்வையில் நெற்றியோரம் விட்டுப்போகும். அதற்குத்தான் அந்த ஸ்ப்ரே; அதன் தூவலைத்தான் மிஷின் வேப் புகை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. டப்பாவைக் காட்டினால் குற்றம் நீங்கிவிடும். ஆனால் டப்பாவின் மேலேயே அது எதற்கு என்று படம் போட்டிருக்கிறது.

சீதாவிடம் மட்டும் தனியாகச் சொல்லலாமா என்று யோசித்தாள். போன வருஷம் ஒரு சிறுமிக்குச் சர்க்கரை நோய் என்று அவள் பெற்றோர் இப்படித்தான் தனியாகச் சொன்னார்கள். மறுநாள் காலை அசெம்பிளியில் சீதா அந்தக் குழந்தையை மேடையேற்றி, "நாமெல்லாம் இவளப் பாத்துக்கணும்," என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அன்றிலிருந்து அவள் பெயர் சுகர். மகளிடம், உன் வாய் திறக்காமல் என் வாய் திறக்காது என்று ஃப்ளோரன்ஸ் சத்தியம் செய்து கொடுத்ததே அதற்குப் பிறகுதான்.

"படத்தையும் பாத்துடுங்க. அப்புறம் நாங்க அநியாயமாச் சொல்றோம்னு இருக்கக் கூடாது," என்று கணேசமூர்த்தி கை காட்ட, ஜவஹர் சுவரிலிருந்த டிவியில் ஓடவிட்டான்.

இரண்டாம் மாடி நடைபாதை. எதிரே பாத்ரூமின் வெளிக்கதவு, செங்கல் முட்டுக்கொடுத்துத் திறந்துகிடந்தது. சென்சார் வைத்த நாளிலிருந்து அந்தக் கதவைச் சாத்தக் கூடாது என்று உத்தரவு. திறந்த கதவுக்குள் வாஷ்பேசின், அதற்கு மேல் நீளக் கண்ணாடி. லூர்துமேரி வெளியே வந்து படியிறங்குவது தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கண்ணாடிக்குள் லிண்டா வந்தாள். உள்ளே கண்ணாடி இல்லாமல் அடித்தது சரியாக ஒட்டவில்லை போலும், இடது கை நெற்றிக்குப் போயிற்று. முகத்தைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படர்ந்து கலைந்தது.

"இதோ புகை," என்றான் ஜவஹர். "ஸ்லோ பண்றேன் சார்."

அத்தனை பேரும் லிண்டாவின் வலது கையைத் தேடினார்கள். அது பேசின் விளிம்புக்குக் கீழே இருந்தது. ஃப்ளோரன்ஸ் மட்டும் இடது கையைப் பார்த்தாள். நெற்றியோரத்தில் இரண்டு விரல் புகுந்து, முடியின் முன்வரிசையை மூடியைப் போலத் தூக்கி, திரும்ப அழுத்துவதைப் பார்த்தாள். மெதுவாக ஓடவிட்டதால் அது நன்றாகவே தெரிந்தது. இப்போது யாராவது சொல்வார்கள். இதோ, சீதா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொள்கிறார். இதோ, நெடுஞ்செழியன் முன்னால் குனிகிறார்.

"கைல இருக்கறது தெரியலயேப்பா," என்றார் நெடுஞ்செழியன். "இன்னொரு தடவ போடு."

இன்னொரு தடவை போட்டான்.

கடைசியில் கணேசமூர்த்தி தீர்ப்பைச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள், வேப் பிடித்தது தவறு என்று மாணவியும் பெற்றோரும் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதம். தந்தால் மூன்று நாள் சஸ்பென்ஷனோடு முடியும். தராவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளலாம். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில், விழிப்புணர்வுக்காக, இந்தப் படம் எல்லோருக்கும் காட்டப்படும்.

"காட்டறதா?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"பயப்படாதீங்கம்மா," என்றார் சீதா இதமாக. "பேர் சொல்ல மாட்டோம். முகத்த மறச்சுடுவோம். மத்தது மட்டும்தான் தெரியும்."

ஆட்டோ கோபாலபுரம் தாண்டியது. லிண்டா துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். ராயப்பேட்டை ஹைரோடு சிக்னலில் சொன்னாள்: "எழுதிக் குடுத்துடும்மா."

"என்னன்னு?"

"வேப் அடிச்சேன்னு. மூணு நாள்தான. ஜான்சி என்ன மெசேஜ் போட்டிருக்கா தெரியுமா? 'மச்சி, நீ இவ்ளோ மாஸுன்னு தெரியாதுடி'ன்னு. பத்து பேரு ஃபயர் எமோஜி போட்டிருக்காங்க. வேப் அடிக்கறவன்னா ஒரு வாரம் பேசுவாங்க. மொட்டைன்னா ப்ளஸ் டூ முடியற வரைக்கும் பேசுவாங்க."

"கடுதாசி ஃபைல்ல ஏறும்டி. நாளைக்குக் காண்டக்ட் சர்டிபிகேட்..."

"ஏறட்டும்."

வீட்டில் அகஸ்டினும் அதையே சொன்னான். எண்ணூர் துறைமுகத்தில் முதல் ஷிப்ட் முடித்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு, "கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு, ஃப்ளோ. ஸ்கூலோட மல்லுக்கட்டி யாரு ஜெயிச்சிருக்கா? இன்னும் ஒன்றரை வருஷம் அவ அங்க ஓட்டணும்," என்றான்.

"சரி, குடுத்துடறேன். சனிக்கிழம படம்?"

"அதான் முகத்த மறைக்கறாங்களே."

"முகத்த மறச்சா பாக்கறவங்க வேற எதப் பாப்பாங்க, சொல்லுங்க? தலையத்தான் பாப்பாங்க. அரங்கத்துல முந்நூறு பேரு, பெரிய ஸ்கிரீன். அந்த ரூம்ல அஞ்சு பேருக்குத் தெரியலன்னா முந்நூறு பேருக்கும் தெரியாமப் போயிடுமா? ரோஸி வருவா. அவ மகளும் அங்கதான படிக்கறா."

அகஸ்டின் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தான்.

அன்று மாலை ரோஸி வீட்டில் அன்பியக் கூட்டம். வாராவாரம் தெருவிலுள்ள குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, முடிவில் ஒவ்வொருவராகத் தங்கள் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று நாலு பேர் வந்து நிற்பார்கள் என்பதால் ஃப்ளோரன்ஸ் போனாள். ஒருவர் மகனின் விசாவுக்காகச் சொன்னார், ஒருவர் மூட்டுவலிக்காக. "ஃப்ளோரன்ஸக்கா, உங்க மன்றாட்டு?" என்றாள் ரோஸி. எல்லாத் தலையும் திரும்பியது. வாய் பழக்கத்தில் திறந்தேவிட்டது. என் மகளுடைய, என்பதுவரை வந்துவிட்டது. "படிப்புக்காக," என்று முடித்தாள். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பொய் நேர்ச்சை செய்தவளுக்கு இதைக் கேட்டருள்வாரா என்று நினைத்தபடியே அவளும் சொன்னாள்.

திரும்பி வந்தபோது லிண்டா விக்கைக் கழற்றி ஜன்னலோரம் காயவைத்துவிட்டு, கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பசை பட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. ஃப்ளோரன்ஸ் தேங்காயெண்ணெயைத் தொட்டு அந்த இடத்தில் தடவினாள்.

"நீ பாத்தியாம்மா? நான் தூக்கி ஒட்டறத?"

"பாத்தேன்."

"நானும் பாத்தேன். அவங்க ஸ்லோ பண்ணும்போது செத்துட்டேன்." ஜன்னலோரத்து விக்கைப் பார்த்தாள். பிறகு குரல் உடைந்தது. "அது பாத்ரூம்மா. பாத்ரூம் உள்ளம்மா. நான் அங்க மூக்கு சிந்துவேன், அழுவேன், ஜான்சி யூனிஃபார்ம்ல கறை பட்டுச்சுன்னா திரும்பி நின்னு கழுவுவா. எல்லாத்தையும் அந்தாளு டிவில போட்டுப் பாத்துட்டிருக்கான். என்னமோ கிரிக்கெட் மாதிரி இன்னொரு தடவ போடுங்கறாரு."

எண்ணெய்க் கை அப்படியே நின்றது. ஃப்ளோரன்ஸ் அந்த அறையில் மகளின் முடியை மட்டும்தான் பார்த்திருந்தாள். மற்றவர்கள் புகையை மட்டும் பார்த்தார்கள். பெண்கள் கழிவறையின் உள்பக்கத்தை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அங்கிருந்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கும்தான்.

"நீ தூங்கு," என்றாள். தூங்குகிற நேரமே இன்னும் ஆகவில்லை.

ஃப்ளோரன்ஸ் நந்தனத்தில் ஓர் இன்சூரன்ஸ் கிளையில் கிளெய்ம் பிரிவில் வேலை பார்க்கிறாள். வரும் கடிதங்களைப் படித்துப் பிரித்து மேலே அனுப்புவது வேலை. இத்தனை வருஷத்தில் அவள் கற்ற ஒரே பாடம், பணம் கிடைக்காமல் போகிறவர்கள் பெரும்பாலும் அதிகமாக எழுதியவர்கள் என்பது. கார் எப்படி இடித்தது என்று கேட்டால், அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுக் களைப்பாக வந்ததையும் சேர்த்து எழுதுவார்கள். மேலதிகாரி அந்தக் களைப்பைப் பிடித்துக்கொள்வார். கேட்டதற்கு மட்டும் எழுதுகிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

மறுநாள் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, சமையலறை மேசையைத் துடைத்து, வெள்ளைத்தாளில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள். லிண்டா பள்ளிக்குப் போகவில்லை. எதிரே உட்கார்ந்து டீயை ஆறவைத்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை பிரின்சிபால் அறையில் எனக்குக் காட்டப்பட்ட படம், இரண்டாம் மாடிப் பெண்கள் கழிவறையின் உட்புறத்தைக் காட்டுகிறது. வெளிக்கதவைத் திறந்தே வைக்கும்படி பள்ளி உத்தரவிட்டிருப்பதால், எதிரிலுள்ள கேமராவில் முகம் பார்க்கும் கண்ணாடியும் அதில் தெரிபவர்களும் நாள் முழுவதும் பதிவாகிறார்கள். அந்தப் படத்தை என் முன்னிலையில் மூன்று ஆண்கள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் பள்ளியைச் சேர்ந்தவரே அல்ல. அவருடைய லேப்டாப்பில் அது இருக்கிறது. என் மகளுடையது மட்டுமல்ல, அந்த மாடியில் படிக்கும் எல்லாப் பெண்களுடைய படமும் இவ்வாறு பதிவாகியிருக்க வேண்டும்.

"இதைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் காட்டக் கூடாது. முகத்தை மறைத்தும் காட்டக் கூடாது. பிரதிகள் எங்கெங்கே உள்ளன, அவை அழிக்கப்பட்டனவா என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் குழந்தைகள் உரிமை ஆணையத்திலும் காவல் நிலையத்திலும் புகார் செய்வேன்.

"என் மகள் வேப் பிடிக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் தர மாட்டோம். அவள் கழிவறைக்குச் சென்றதற்குத் தனிப்பட்ட காரணம் உண்டு. அதைத் தெரிவிக்க நாங்கள் விரும்பவில்லை."

லிண்டா தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். நகத்தைக் கடித்தபடி இரண்டு முறை படித்தாள்.

"இந்தக் கடைசி ரெண்டு லைன் வேணாம்மா."

"ஏன்? சொல்ல மாட்டோம்னுதான எழுதியிருக்கேன்."

"காரணம் இருக்குன்னு எழுதினா, என்ன காரணம்னு தேட மாட்டாங்களா? பாத்ரூம் போறதுக்கு யாராவது காரணம் சொல்வாங்களா?"

ஃப்ளோரன்ஸ் மகளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை கிளெய்ம் கடிதம் படித்தும் தன் கையே அதிகமாக எழுதிவிட்டது. மறுபேச்சுப் பேசாமல் வேறு தாள் எடுத்து, அந்த இரண்டு வரியும் இல்லாமல் முழுவதையும் மறுபடி எழுதினாள்.

"இதப் படிச்சதும்," என்றாள் லிண்டா, "அப்படி என்ன தெரியுதுன்னு திரும்ப ஒரு தடவ போட்டுப் பாப்பாங்கல்ல?"

பார்க்க மாட்டார்கள் என்று சொல்லத்தான் ஃப்ளோரன்ஸ் வாயெடுத்தாள். "பாப்பாங்க," என்றாள்.

"அப்ப கண்டுபிடிச்சுடுவாங்களா?"

"தெரியலடி. ஆனா பாத்தேன்னு வெளிய சொல்ல முடியாது. சொன்னா, பொண்ணுங்க பாத்ரூம்ல அவ்ளோ உன்னிப்பா எதப் பாத்தன்னு நான் கேப்பேன்."

லிண்டா அதை மனசுக்குள் உருட்டிப் பார்ப்பது தெரிந்தது. "டி.சி. குடுத்துட்டா?"

"வேற ஸ்கூல் தேடணும். அப்பா கத்துவாரு. நீ ஜான்சிய விட்டுட்டுப் போகணும்." ஃப்ளோரன்ஸ் பேனாவை மூடினாள். "இல்ல, மன்னிப்புக் கடுதாசியே எழுதிடலாம்னாலும் எழுதறேன். ஆனா அதுல கையெழுத்துப் போட்டா அந்தப் படம்தான் சாட்சி. சாட்சிய யாரும் அழிக்க மாட்டாங்க. அங்கயே கெடக்கும். நீ சொல்லு. உன் தல, நீதான் சொல்லணும்."

தெருவில் மீன்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் கத்திக்கொண்டு போனார். ரோஸி கேட்டைத் திறந்து விலை பேசும் சத்தம் கேட்டது. லிண்டா எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்தாள். பிறகு பேனாவை வாங்கி, அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே, கொஞ்சம் கோணலாக, தன் பெயரை எழுதினாள்.

"நானும் வர்றேன்," என்றாள். விக்கை எடுத்துப் போட்டுக்கொண்டு, விளிம்பை ஒட்ட ஸ்ப்ரேயை எடுக்கப் போனவள் அதை வைத்துவிட்டு, மேலே துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பள்ளி அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் வாங்கியதற்கு முத்திரை போட மாட்டார்கள் என்று ஃப்ளோரன்ஸுக்குத் தெரியும். மயிலாப்பூர் தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்ட் கவுன்டரில் ஐந்தாறு பேர் நின்றார்கள். நிற்கும்போதே அகஸ்டின் போன் செய்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அதையும் எடுக்கவில்லை. வரிசை நகர நகர அவள் கைவேர்வையில் கவரின் ஓரம் ஈரமாகியது. முன்னால் நின்றவர் வெளிநாட்டுப் பார்சலுக்காக வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. லிண்டாவைப் பார்த்தாள். அவள் துப்பட்டா முடிச்சைப் பிடித்தபடி, கவுன்டரின் மேலிருந்த கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒட்டலயாம்மா?" என்றார் கவுன்டரில் இருந்தவர். "கோந்து அங்க கீது பாரு. ஒட்டிக் குடு, சீக்கிரம்."

லிண்டா கவரை வாங்கிக்கொண்டு போனாள். தாள் உள்ளே சரியாக மடிந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தாள். கோந்து தடவி, மடிப்பை அழுத்தி, ஓரம் பிரியாமல் இருக்க உள்ளங்கையால் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள இன்னா? லெட்டர் மட்டும்தான?"

"லெட்டர் மட்டும்தான்," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

அவர் எடை போட்டு, பார்கோடு ஒட்டி, முகவரியை ஒரு முறை வாய்க்குள் படித்துவிட்டுக் கவரைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டார்.